ஏழாம் பாகத்தில் இல்லாத காட்சி

பெண்கள் விடுதி,
யாழ்ப்பாணம்.
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். உனக்கும் அம்மாவுக்கும் எங்கள் முத்துமாரி எந்தக் குறையும் வைக்கமாட்டா என்று நம்புகிறேன். அம்மா பிரசர்க் குளிசையைப் போடுகிறாவா, இல்லை விரதம் என்று சொல்லித் தள்ளுகிறாவா?

உன் கல்யாண எழுத்து முடிந்த மறுநாளே என்னை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள். பதிவுக்காரருக்கு முன்னால் நீ கையெழுத்துப் போட்ட படத்தை அறைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். "மாப்பிள்ளை கனடாவோ? அப்ப அக்கா இனிப் பறந்திடுவா" என்கிறார்கள். ஆனியில் தாலி ஏறும்வரைக்கும் நீ எங்கள் வீட்டுப் பிள்ளைதான் என்று சொல்லிவிட்டேன். சிவதர்ஷன் அத்தான் திரும்பிப் போய்ச் சேர்ந்துவிட்டாரா? எழுத்தன்று அவர் உன் பிளேட்டில் ஒரு துண்டு இனிப்புத் தொதல் வைத்ததை நான் பார்த்தேன்.

அக்கா, ஒரு உதவி. லீவில் நாங்கள் பென்டிரைவில் பார்த்தோமே, அந்தக் கொரிய நாடகம், நாலு பாகத்தோடு நிற்கிறது. சூப்புக் கடைப் பெட்டையும் கொம்பனிக்காரப் பெடியனும் ஒரு வருடத்துக்கு மட்டும் என்று கடதாசியில் எழுதிப் பொய்க் கல்யாணம் செய்துவிட்டார்கள். மழையில் அவன் குடையை அவள் பக்கமே சரித்துப் பிடித்துத் தான் நனைகிறான். அதற்குப் பிறகு என்ன? இங்கே ஆறு பேர் சோறு இறங்காமல் இருக்கிறோம். பாகம் பாகமாக எழுதி அனுப்பு.

போன் இங்கே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அலுவலக போனில் அம்மாவோடு கதைக்கலாம், ஆனால் பின்னால் வரிசை நிற்கும். கடிதம் எழுதலாம். அதுவும் போவது வருவது எல்லாம் கிறிஸ்துநாயகம் மிஸ்ஸின் கையால்தான். அவ வாசித்து மூலையில் பச்சைப் பேனையால் சரி போட்டால்தான் எங்களுக்கு. (வணக்கம், மிஸ்.)

உன் செல்லத் தங்கை,
மதுஷா

*

வல்வெட்டித்துறை,
21.02.2025

அன்பு மதுவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோசம். அம்மா குளிசை போடுகிறா, நான் பக்கத்தில் நின்றால். எனக்கும் ஒரு குறையும் இல்லை.

கடிதம் எழுதச் சொன்னதும் நல்லதுதான். அத்தான் எழுத்துக்குத் தந்த புதுப் போனில் எல்லாக் கணக்கையும் அவரேதான் திறந்து தந்தார். நான் எழுதுவதும் படம் எடுப்பதும் போகிற இடமும் அங்கே அவருடைய கணினியிலும் தெரியுமாம். அவ்வளவு அக்கறை. போன கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய அழைப்பைத் தவறவிட்டுவிட்டேன். தலை துவட்டி முடிக்க முன்னம் சண்முகநாதன் மாமா மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறார். "என்ன பிள்ளை, போனை எடுக்கேல்லையாம்? பெடியன் பதறிப்போனான்." அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை.

முன்பள்ளி வேலையை விட்டுவிட்டேன். நானாகத்தான் விட்டேன்.

இனி உங்கள் நாடகம். ஐந்தாம் பாகத்தில் குடைக்காரனும் சூப்புக்காரியும் ஒரே வீட்டில் குடியேறுகிறார்கள். நடுவில் ஒரு கோடு கீறி, இது உன் பக்கம், இது என் பக்கம். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "உதுகள் எழுத்து முடிஞ்ச உடனே ஒரு வீட்டிலை இருக்குதுகள். தாலி எங்கை?" என்று கேட்டா. அவன் சட்டியின் மூடியில் நூடில்ஸ் சாப்பிடுகிறான். "பிளேட்டு வாங்க வழியில்லாதவனுக்கு ஏன் கொம்பனி?" இப்படி வர்ணனையோடு பார்த்தால் நாடகம் எங்கே விளங்கும்? சூப்புக்காரிக்குக் காய்ச்சல் வருகிறது. அவன் கோட்டைத் தாண்டிப் போய் நெற்றியில் துணி நனைத்துப் போடுகிறான். விடிந்ததும் தான் ஒன்றும் செய்யவில்லை என்று சாதிக்கிறான். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

அவர் போன் எடுக்கிற நேரமாகிறது. படி.

உன் அக்கா,
ஆரணி

*

பெண்கள் விடுதி,
02.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். தடிமனும் தும்மலும் வந்து போய்விட்டன.

உன் கடிதத்தைப் படிப்பு நேரம் முடிய நான் வாசிக்க, எல்லோரும் கட்டிலில் ஏறியிருந்து கேட்டார்கள். காய்ச்சல் காட்சிக்குக் கைதட்டினார்கள். குருநகர் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், றொசாந்தினி. எதற்கும் அசையமாட்டாள். "துணி போடுறதை விட்டிட்டு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்" என்கிறாள். அவளைத் தலையணையால் அடித்தோம்.

அவன் இன்னும் கையைப் பிடித்து இழுக்கவில்லையா? கோபத்தில் எல்லோர் முன்னாலும் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டும். அது வராவிட்டால் கொரிய நாடகமே இல்லை. வந்தால் விவரமாக எழுது.

மிஸ் சரி போட்டுத் தரும்போது கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "உந்தக் குடைக்காரன் ஆர்?" என்று கேட்டா. எனக்கு உயிர் போய் வந்தது. நாடகம் மிஸ் என்றேன். "ம்" என்றா.

ஏன் அக்கா வேலையை விட்டாய்? வாகீசன் என்ற குட்டிப் பெடியன் உன் மடியை விட்டு இறங்கமாட்டான் என்று சொல்லுவாயே. அவன் இப்போது யாருடைய மடியில்?

அன்புத் தங்கை,
மதுஷா

*

வல்வெட்டித்துறை,
16.03.2025

அன்பு மதுவுக்கு,

சுகமாக இருக்கிறாய்தானே? இங்கேயும் எல்லாம் வழக்கம்போல.

ஆறும் ஏழும் பார்த்துவிட்டேன். ஒன்றாகவே எழுதுகிறேன்.

குடைக்காரன் கொம்பனி அலுவலாக வெளிநாடு போய்விட்டான். அங்கிருந்தபடியே காலையும் மாலையும் வீடியோவில் வருகிறான். சூப்புக்காரி சாப்பிடும்போதும் போனை எதிரில் நிமிர்த்தி வைக்கவேண்டும். அவன் பேசுவது குறைவு, பார்த்துக்கொண்டிருப்பான். "திருப்பு" என்றால் அவள் போனைத் திருப்பி அறையைக் காட்டவேண்டும். ஒருநாள், "கதவடியிலை ஆர்?" என்று கேட்டான். காற்றுக்கு ஆடின திரைச்சீலை. அவள் எழுந்துபோய்ச் சீலையை விலக்கிக் காட்டினாள். இன்னொரு நாள் சார்ஜ் போய் போன் நின்றுவிட்டது. அதற்கு அவன் ஏசவில்லை. அடுத்த இரண்டு நாளும் வீடியோவில் வந்து ஒரு சொல்லும் சொல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏசினால் பரவாயில்லை என்று அவளுக்குப் பட்டது.

சூப்புக் கடைக்கும் இனிப் போகத் தேவையில்லை என்றுவிட்டான். கடையில் பிள்ளைகளைக் கூட்டிவருகிற தகப்பன்மார் வந்து போகிறார்களாம்.

மணிக்கட்டு கேட்டாய். அவன் புறப்படும் நாளில், விமான நிலையத்துக்குப் போகிற வான் வண்டிக்குப் பின்னால் அந்தக் காட்சி வருகிறது. அவள் யாரோ பழைய வகுப்புத் தோழனைப் பார்த்துச் சிரித்துவிட்டாளாம். மது, பிடித்து இழுத்தால் நோகும். அதற்குப் பாட்டுப் போட்டு மெதுவாக ஓடவிடுவதால் உங்களுக்குத் தெரிவதில்லை. மூன்று நாள் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தாள்.

இந்த இரண்டு பாகத்திலும் மழையே பெய்யவில்லை.

அக்கா

*

பெண்கள் விடுதி,
25.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? உன் கடிதம் சின்னதாக முடிந்துவிட்டது, கோபமா?

ஆறும் ஏழும் அறையை இரண்டாக்கிவிட்டன. நாங்கள் ஐந்து பேர், அது பொறாமை, பொறாமை வந்தால் காதல் வந்துவிட்டது என்று அர்த்தம் என்கிறோம். பதினாறாம் பாகத்துக்கிடையில் திருந்திவிடுவான், எல்லா நாடகத்திலும் திருந்துகிறார்கள். றொசாந்தினி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "திருந்துறவன் ஏழாம் பாகத்திலை உப்பிடிச் செய்யமாட்டான். என்ரை சின்னம்மாவுக்கு நடந்தது எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. சூப்புக் கடைக்கு ஏன் தகப்பன்மார் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள்?

சித்திரை வருசப்பிறப்புக்கு லீவு தருகிறார்கள். பன்னிரண்டாம் திகதி வருவேன். ஏழாம் பாகத்தை நானே பார்க்கிறேன். பென்டிரைவைப் பத்திரமாக வை.

மதுஷா

*

பெண்கள் விடுதி,
27.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ சுகமா என்று இந்த முறை கேட்கப் பயமாக இருக்கிறது.

லீவு முழுக்க உன்னோடு ஒரு தடவை தனியாக இருந்து கதைக்கப் பார்த்தேன். முடியவில்லை. சாப்பிடும்போது சீனிப் பேணியில் சாய்ந்தபடி போன். கோலம் போடும்போது படிக்கட்டில் போன். நான் உன் பக்கத்தில் படுத்தபோது "தங்கச்சியோடை என்ன குசுகுசுப்பு?" என்று அதிலிருந்து குரல். நீ சிரித்துக்கொண்டு "ஒண்டுமில்லையப்பா" என்றாய். அக்கா, நீ அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை.

நீ குளிக்கப் போன நேரத்தில் நான் ரிவியில் ஏழாம் பாகத்தைப் போட்டு வேகமாக ஓடவிட்டுப் பார்த்தேன். குடைக்காரன் எங்கேயும் போகவில்லை. ஏழாம் பாகம் முழுக்க மழை. அவள் கடையில் சட்டி கழுவுகிறாள், அவனும் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று கழுவுகிறான். போனும் இல்லை, நீளக்கைச் சட்டையும் இல்லை. ஆறாம் பாகத்தையும் ஓடவிட்டுப் பார்த்தேன்.

பிறகு நீ தலைமுடியைக் கட்டக் கையைத் தூக்கினபோது மணிக்கட்டைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, காயம் ஆறியிருக்கும். நீ பார்த்துவிட்டு உடனே கையை இறக்கினாய்.

நீ எழுதின நாடகம் எனக்கு விளங்கிவிட்டது. அது காதல் என்று நான் கை தட்டினேனே, என்னை அடித்துக் கொல்லவேணும் போல இருக்கிறது. சூப்புக்காரி இனி என்ன செய்யப்போகிறாள்? அதை மட்டும் எழுது.

மது

*

வல்வெட்டித்துறை,
05.05.2025

அன்பு மதுவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ அழாதே. நீ கை தட்டினபோது உனக்கு என்ன தெரியும்? எழுத்தன்று நானும்தான் உள்ளுக்குள் கைதட்டினேன்.

எட்டாம் பாகம். சூப்புக்காரி ஒருநாள் துணிந்து, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று தாயிடம் சொன்னாள். தாய் கதவைச் சாத்திவிட்டுக் காலில் விழாத குறை. "அவன் உன்னிலை உயிரை வைச்சிருக்கிறான் பிள்ளை. தாலி ஏறினா எல்லாம் தன்ரை பாட்டிலை சரிவரும்." மாமன்காரன் வந்தார். "எழுத்து முடிஞ்ச பெட்டை. இனிச் சட்டப்படி அவன்ரை மனிசி. இப்ப வேண்டாமெண்டால் உன்ரை தங்கச்சிக்கு ஆர் வருவான்?" என்று கேட்டார். உன்னை இழுத்ததும் அவள் எழுந்துபோய் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

நாள் வைத்தாயிற்று, ஜூன் இருபத்தேழு. அவன் இருபதாம் திகதி வருகிறான். வந்ததும் அவளுடைய பாஸ்போட்டைத் தன்னிடம் தரவேண்டுமாம், விசா அலுவலுக்கு. தாலி ஏறிவிட்டால் அவன் கூப்பிடுகிற இடத்துக்குப் போகவேண்டியதுதான். அங்கே அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக்கூடத் தெரியாது. இங்கே போனுக்குள் இருக்கிறவன் அங்கே அறைக்குள் இருப்பான்.

தாலிக்கு முன்னம் அவள் வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும். வெளிக்கிட்டு எங்கே போவது? ஊருக்குள் எந்த வீட்டுக்குப் போனாலும் மாமன்காரன் பின்னேரமே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். கொழும்பில் ஆள் இல்லை. போனைக் கொண்டுபோனால் போகிற இடம் தெரியும். வைத்துவிட்டுப் போனால் அரைமணியில் தெரியும். ஒரு கதவு திறந்தால் போதும், அவள் போய்விடுவாள்.

இதைப் பக்கத்து வீட்டு ஞானாம்பிகை அக்கா கோயிலுக்குப் போகிற வழியில் தபாலில் போடுவா. அவ எதுவும் கேட்கமாட்டா, நல்ல மனுசி.

அக்கா

*

பெண்கள் விடுதி,
17.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் கேட்க நேரமில்லை. பெரிய பிழை நடந்துவிட்டது.

உன் கடிதத்தை மிஸ் உடனே தரவில்லை. மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, பிறகு அலுவலகத்துக்குக் கூப்பிட்டா. பச்சைச் சரி போடவில்லை. மேசையில் என் பழைய கடிதத்தின் போட்டோக் கொப்பியும் உன் கடிதமும் பக்கத்தில் பக்கத்தில். போகிற கடிதங்களையும் அவ வாசித்துக் கொப்பி எடுத்துவைக்கிறா என்பதை மறந்து, ஏழாம் பாகத்தில் போனும் இல்லை, ஒன்றும் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே! மடைச்சி நான்.

"உந்த நாடகத்துக்குப் பேர் என்ன?" என்று கேட்டா. சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டா. "எத்தினை பாகம்?" "பதினாறு, மிஸ்." "எங்கை எடுக்கலாம்?" அதையும் சொன்னேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. போகச் சொல்லிவிட்டா.

என் பாதுகாவலர் என்று படிவத்தில் மாமாவின் பெயர்தான் இருக்கிறது. மிஸ் மாமாவுக்குச் சொன்னால்? எனக்குப் படிப்பு ஓடவில்லை. நான் சோதனையை விட்டுவிட்டு வரட்டுமா? இரண்டு பேருமாக எங்கேயாவது போவோம். இதையும் அவ வாசிப்பா, வாசிக்கட்டும். மிஸ், தயவுசெய்து மாமாவிடம் சொல்லவேண்டாம்.

மது

*

வல்வெட்டித்துறை,
25.05.2025

மது,

உங்கள் மிஸ் புதன்கிழமை வீட்டுக்குப் போன் எடுத்தா, அம்மாவின் போனுக்கு. என்னோடு கதைக்கவேண்டும் என்றாவாம். அம்மா போனை என் கையில் தந்த நேரம் மேசையில் அவர் வீடியோவில் இருந்தார். நான் "ஓம் மிஸ், சுகம் மிஸ், வைக்கிறன் மிஸ்" என்று சொல்லி வைத்துவிட்டேன். "எந்த மிஸ்? உன்னோடை அவவுக்கு என்ன கதை?" என்று தொடங்கினார். பதில் சொல்லச் சொல்ல இன்னொரு கேள்வி. அம்மா தேங்காய் துருவுவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டா.

இப்போது அவர் இருபதாம் திகதி வரவில்லை. ஜூன் பத்தாம் திகதியே வருகிறார். ரிக்கெற்றை மாற்றியாயிற்று. பென்டிரைவை மாமா வந்து வாங்கிக்கொண்டு போனார். கோயிலுக்கும் இனி அம்மாவோடுதான்.

மிஸ்ஸிடம் சொல், நல்ல எண்ணத்தோடு எடுத்திருப்பா, ஆனால் இனி எடுக்கவேண்டாம். உனக்கும் சொல்கிறேன், நாடகத்தைப் பற்றி எழுதாதே. எனக்காக ஒன்றையும் விட்டுவிட்டு வராதே. நீ சோதனை எழுதி, உன் காலில் நில். உனக்கு யாரும் போன் வாங்கித் தரத் தேவையில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடவேண்டாம்.

அக்கா

*

பெண்கள் விடுதி,
யாழ்ப்பாணம்.
30.05.2025

மதிப்புக்குரிய பத்மாவதி அம்மையாருக்கு,

தங்கள் வீட்டார் அனைவருக்கும் ஆண்டவர் சுகபெலன் அருள்வாராக.

தங்கள் இளைய மகள் மதுஷா உயர்தரப் பரீட்சை எழுதவேண்டிய ஆண்டில் படிப்பில் கவனம் இழந்துள்ளார். விசாரித்ததில், தங்கள் மூத்த மகள் ஆரணி மாதக்கணக்காகக் கொரிய நாடகம் ஒன்றின் கதையைக் கடிதங்களில் எழுதி அனுப்பிவந்ததே காரணம் என அறிந்தேன். விடுதிப் பொறுப்பாளர் என்ற முறையில் அந்நாடகத்தைப் பதினாறு பாகமும் இருந்து பார்த்தேன். ஆரணி எழுதியதில் பெரும்பகுதி அதில் இல்லவே இல்லை. இது பற்றி அவரிடம் நேரில் விசாரிக்காமல் விடமாட்டேன்.

எனவே, ஜூன் எட்டாம் திகதி ஞாயிறு காலை பத்து மணிக்குத் தாங்கள் ஆரணியைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். வராவிடில் மதுஷாவைத் தொடர்ந்து விடுதியில் வைத்திருப்பது கடினம். ஆண்கள் வெளி வாசலோடு நிற்கவேண்டும். கைத்தொலைபேசிகளை வாசற்காவலர் பிலிப்புவிடம் ஒப்படைக்கவேண்டும். இந்த ஒழுங்கு பேராயருக்கும் உண்டு.

வருகை தருவோர் அடையாள அட்டையும், பிறப்புச் சான்றிதழின் பிரதியும் கொண்டுவரவேண்டும். அன்று விடுதியில் சிரமதானத் துப்புரவுப் பணி நடைபெறுவதால் ஆரணி மாற்றுடுப்புகள் எடுத்துவருவது நல்லது. செய்த பிழைக்கு ஈடாக அவர் எங்களுடன் வேலை செய்யலாம்.

சென்ற வாரம் நான் தொலைபேசியில் அழைத்தது முறையல்ல. அதற்காக வருந்துகிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
செல்வி ம. கிறிஸ்துநாயகம்
விடுதிப் பொறுப்பாளர்

*

பெண்கள் விடுதி,
09.06.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். இரவு மதுவின் கட்டிலில் நித்திரை கொண்டேன். நீங்கள் நேற்று அழுதுகொண்டு வாசலுக்குப் போனது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. வீடு வரும்வரைக்கும் மாமா ஏசியிருப்பார். குளிசை போட்டீர்களா?

மிஸ் உங்களை ஏமாற்றிக் கூப்பிட்டா என்று கோபப்படாதீர்கள். சிரமதானமும் இல்லை, ஒன்றும் இல்லை என்று உள்ளே வந்ததும் உங்களுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் "இவ இஞ்சை நிக்கட்டும், விருப்பமெண்டால்" என்றுதான் அவ சொன்னா. விருப்பமா என்று என்னைக் கேட்டா. எழுத்து பேசின நாளிலிருந்து என்னை அப்படி ஒருவரும் கேட்கவில்லை, அம்மா. நீங்களும் கேட்கவில்லை.

இதுவரைக்கும் நாடகம் என்று சொல்லித்தான் எழுதினேன். உங்களுக்கு நேராகவே எழுதுகிறேன். எனக்கு அவரைக் கண்டால் பயம். அந்தப் போன் அடிக்கமுன்னமே கதவுச் சீலையை விலக்கிக் கட்டிவைத்துவிடுவேன். உங்களுக்கும் தெரியும். அவர் "திருப்பு" என்று சொல்லும்போதெல்லாம் நீங்கள் இருந்த கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு படத்துக்கு வெளியே போவீர்களே. அதைத்தான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

என் போனை பிலிப்பு அண்ணையிடம் சொல்லி மாமாவிடம் கொடுக்கச் செய்துவிட்டேன். அது எனக்கு வேண்டாம். இங்கே சின்னப் பிள்ளைகளின் பிரிவில் மிஸ் வேலை தந்திருக்கிறா. எழுத்தை ரத்துச் செய்ய வழக்கு வைக்கவேண்டும், சட்டத்தரணி அம்மா ஒருத்தி புதன்கிழமை வருகிறா. காலம் எடுக்குமாம். எடுக்கட்டும்.

பாஸ்போட்டை அவசரத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். உங்கள் பெட்டிக்குள் கல்யாணக் கூறைச் சீலைக்கு அடியில் இருக்கிறது. நாளைக்கு அவர் வந்து கேட்பார். கொடுப்பதும் விடுவதும் உங்கள் கையில்.

உங்கள் மகள்,
ஆரணி

*

வல்வெட்டித்துறை,
13.06.2025

மகள் ஆரணிக்கு அம்மா எழுதிறது. எனக்குப் பிரசர் கொஞ்சம் கூடித்தான் கிடக்கு. குளிசை போட்டனான். நீயும் சின்னவளும் சுகமா இருங்கோ.

ஞாயிறு பின்னேரம் மாமா உன்ரை போனைக் கொண்டந்து மேசையிலை வைச்சிட்டுப் போனவர். வைச்ச நேரந்தொட்டு அடிச்சுக்கொண்டே இருந்துது. பாவம், பெடியன் தவிக்கிறான் எண்டு நான் எடுத்தனான். மாமி எண்டு கூப்பிடேல்லை. "அவள் எங்கை? காட்டுங்கோ" எண்டார். விடுதியிலை நிக்கிறாள் தம்பி எண்டன். நம்பேல்லை. போனைப் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொரு அறையாக் காட்டச் சொன்னார். காட்டினன். சாமியறையையும் காட்டச் சொன்னார். கட்டிலுக்குக் கீழை குனிஞ்சு காட்டச் சொன்னார். முழங்கால் ஏலாது தம்பி எண்டு சொல்லியும் விடேல்லை. குனிஞ்சன் பிள்ளை. குளிக்கிற இடத்துக் கதவைத் திறக்கச் சொன்னார். அலுமாரியைத் திறந்து சீலையளை விலக்கச் சொன்னார். நான் அம்பத்தெட்டு வயசுக்காறி, என்ரை வீட்டுக்கை நிண்டு களவெடுத்தவள் மாதிரி ஒவ்வொரு சீலையா விலக்கிக் காட்டினன். போனைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போ எண்டார், அங்கை ஒளிச்சிருப்பியாம். போனன். கிணத்துக்குள்ளையும் காட்டச் சொன்னார்.

காட்டினன். போட்டிட்டன்.

வேணுமெண்டுதான் கிணத்துக்கை போட்டனான் மகள், கை தவறேல்லை. ஆனா அதுக்கு எனக்கு அரை மணித்தியாலம் போதுமா இருந்துது. நீ நாலு மாசம் அதோடை இருந்து சோறு திண்டனீ. நான் கதிரையைத் தள்ளிப் போட்டது உண்மைதான். என்ரை பிள்ளைக்கு நான் செய்ததை எந்தச் சாமியிட்டைச் சொல்லி அழுவன்?

செவ்வாய்க்கிழமை அவர் வந்தவர், மாமாவோடை. பாஸ்போட்டைக் கேட்டார். எனக்குத் தெரியாதெண்டன். பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறக்கேலாது, இது என்ரை வீடு எண்டன். மாமா என்னை அடிக்க வந்தமாதிரி வந்தார். நான் படலையைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டன், அவை வெளியிலை போகுமட்டும். ரோட்டாலை போனதுகள் எல்லாம் நிண்டு பாத்ததுகள். பாக்கட்டும்.

பாஸ்போட்டை ஞானாம்பிகையிட்டைக் குடுத்து விடுறன். ரெண்டு சீலையும் பருத்தித்துறை வடையும் கிடக்கு, பிள்ளையளுக்கும் அந்த மிஸ்ஸுக்கும் குடு. வழக்குக்கு நான் வந்து சாட்சி சொல்லவேணுமெண்டால் வாறன்.

கிணத்துத் தண்ணி குடிக்கேலாமல் கிடக்கு. நாளைக்கு இறைக்க ஆள் வருகுது. இறைச்சு முடியுமட்டும் ஞானாம்பிகை வீட்டிலைதான் அள்ளுறன்.

அம்மா